ஒரே நாளில் முடிவு: இல்லை

என் நோயின் பெயரை முதலிலேயே எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எழுதாமலே முடித்துவிடுவேன். காசநோய். எங்கள் பக்கம் டி.பி. என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். எனக்கு வலது நுரையீரலின் மேல்பகுதியில் இருந்தது. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டேன். இப்போது இல்லை.

நோய் வந்ததற்காக நான் வெட்கப்படவில்லை. காற்றில் வருகிற கிருமிக்கு யார் என்ன செய்ய முடியும்? வெட்கம் நான் செய்த வேறு காரியங்களுக்காக. அவற்றை நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். ஓர் இடத்தில் மட்டும் வரிசை தவறும். அங்கே சொல்கிறேன்.

என் பெயர் தேன்மொழி, ஊர் ஓடைப்பட்டி. அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு மதுரையில் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். அரசு இலவசத் தொலைக்காட்சி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. கம்பம் பள்ளத்தாக்கில் சில அரசு மருத்துவமனைகளின் ஆய்வகங்களை, அதாவது இரத்தமும் சிறுநீரும் சளியும் பார்க்கிற அறைகளை, தனியார் நிர்வாகத்திடம் விடலாமா என்று மேலே யோசித்தார்கள். அதற்கு முன்னால் அவை எப்படி நடக்கின்றன என்று கணக்கெடுக்கும் வேலை எங்களுக்கு வந்தது. என்னிடம் ஒரு கடிகாரமும், கார்பன் வைத்த படிவக் கட்டும் இருந்தன. படிவத்தை வடிவமைத்தவளும் நான்தான். பதினான்கு கட்டங்கள். ஒன்பதாவது கட்டம்: ஒரே நாளில் முடிவு, ஆம் / இல்லை.

மலையடிவாரத்தில் ஒரு அரசு மருத்துவமனைக்குப் போனேன். ஊரை எழுதவில்லை. ஆய்வகத்தில் ஒரே ஒருத்தர். மல்லிகா அக்கா, முப்பத்தைந்து வயதிருக்கும், ஒப்பந்த ஊழியர். நான் அறையின் மூலையில் நின்று எழுதுவதை ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"என்னத்தா, நான் மூச்சு விடுறதையும் எழுதுறியா?"

"அதுக்குக் கட்டம் இல்லக்கா."

"தப்பிச்சேன்."

அன்று கூடலூரிலிருந்து பேச்சியம்மாள் என்று ஒரு பெண் வந்திருந்தார். தினமும் ஜீப்பில் மலையேறிக் கேரளா ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர். மூன்று வாரமாக இருமல். மல்லிகா அக்கா சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து ஒரு தடவை சளி வாங்கினார். பிறகு இன்னொரு டப்பாவைக் கொடுத்தார்.

"நாளைக்குக் காலையில எந்திரிச்சதும், வாயக் கொப்புளிச்சிட்டு, நெஞ்சுல இருந்து இழுத்துத் துப்பி இதுல கொண்டாங்க. வந்த பெறகு இங்கன இன்னொரு தடவ குடுக்கணும்."

"நாளைக்குமா? ஜீப்பு அஞ்சரைக்குப் போயிருமே. இன்னைக்குப் பாத்ததோட முடியாதாக்கும்?"

"முடியாது. நீங்க வரலைன்னா முருகேசண்ணன் வீடு தேடி வருவாக. தெருவே வேடிக்க பாக்கும். எது வசதி?"

"வந்து தொலையிறேன்," என்று சிரித்துக்கொண்டே போனார் பேச்சியம்மாள்.

முருகேசன் அங்கே காசநோய்ப் பிரிவின் களப்பணியாளர். பழைய மொபெட் ஒன்றில் வீடுவீடாகப் போவது அவர் வேலை.

நான் ஒன்பதாவது கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். மல்லிகா அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏன் நாளைக்கு வரச் சொல்றேன்னு கேக்க மாட்டியா?"

"காரணத்துக்குக் கட்டம் இல்லக்கா."

அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். மூன்று நாளில் சளிக்கு வந்த எல்லோருக்கும் 'இல்லை' விழுந்தது. படிவத்தின் கார்பன் நகலை மருத்துவமனையில் கொடுத்துவிட்டு, அடியில் என் பெயரும் கைபேசி எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது விதி.

எனக்கு இருமல் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. எங்கள் ஊரில் இருமலை யாரும் பொருட்படுத்துவதில்லை. திராட்சைக்கு மருந்து அடிக்கிற நாட்களில் தெருவே இருமும். அம்மா, "பந்தலுக்கு மருந்து அடிச்ச காத்து. தோட்டத்துப் பக்கம் போகாத," என்றார். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் வரும், விடியும்போது வேர்த்து விட்டுவிடும். எடை நான்கு கிலோ குறைந்திருந்தது. சின்னமனூரில் எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மெலிந்ததைப் பார்த்து மதினி, "கல்யாணக் கவலை" என்று கேலி செய்தாள்.

ஒரு நாள் வேலையிடத்தில் மயக்கம் வந்தது. அண்ணன் என்னைத் தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தான். அந்த நான்கு நாட்களைப் பற்றிக் குறைசொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. விரிப்பு வெள்ளையாக இருந்தது. மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார். எக்ஸ்ரேயில் வலது பக்கம் மேலே பஞ்சு ஒட்டியது போல வெள்ளைத் திட்டு தெரிந்தது. "நிமோனியாவா இருக்கலாம். எதுக்கும் சளி பாத்திருவோம். டி.பி. இல்லைன்னு உறுதி பண்ணிக்கிட்டா நிம்மதி," என்றார். பதினொரு மணிக்குச் சளி கொடுத்தேன். பன்னிரண்டரைக்கு அச்சடித்த தாள் வந்தது. கிருமி இல்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன். தொண்ணூறு நிமிடம். 'ஆம்' என்று மனசுக்குள் எழுதிக்கொண்டேன்.

ஊசியிலும் மாத்திரையிலும் காய்ச்சல் விட்டது. பில்லை அண்ணன் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். எவ்வளவு என்று இன்றுவரை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அண்ணன் மகள் யாழினி ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள். அவளுக்கு மூன்று வயது. மதியம் என் பக்கத்தில் படுத்தால்தான் தூங்குவாள்.

பத்து நாளில் காய்ச்சல் திரும்பியது. இருமல் விடவே இல்லை. இப்படி ஏழு வாரம் போனது. டி.பி. இல்லை என்று தாளில் அச்சடித்து வந்திருந்ததால் அந்தப் பக்கம் யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

இரண்டாம் சுற்றுக் கணக்கெடுப்புக்கு மறுபடி மலையடிவாரத்து மருத்துவமனைக்குப் போனேன். கைக்குட்டையில் வாயைப் பொத்தி இருமிவிட்டுப் பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி. மடித்து மறைத்தேன். மல்லிகா அக்கா கண்ணில் அது பட்டுவிட்டது.

"எத்தன நாளா?"

"ரெண்டு மூணு வாரம்." பொய். மூன்று மாதம்.

"அந்தக் கடிகாரத்த வச்சிட்டு வரிசையில போய்ப் பேரக் குடு."

அந்த நேரம் மல்லிகா அக்கா உள்ளே சாயம் கலக்கப் போய்விட்டார். வரிசையில் என் முறை வந்தபோது பெயர் எழுதுகிறவர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். சின்னமனூர் வீடு நினைவுக்கு வந்தது. முருகேசனின் மொபெட் எங்கள் தெருவில் நிற்பது கண்ணில் வந்தது.

"பேரு?"

"செல்வி."

"ஊரு?"

"கோம்பை."

தெரு பெயர்கூடக் கேட்டார். அதையும் இட்டுக்கட்டிச் சொன்னேன். அவரே டப்பாவை நீட்டினார். சளி கொடுத்தேன். மறுநாளுக்கான டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் போகவில்லை. மேலாளரிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். டப்பாவை மதினி கண்ணில் படாமல் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தேன்.

நான்காம் நாள் கைபேசி அடித்தது.

"செல்வியா, தேன்மொழியா?"

மல்லிகா அக்காவின் குரல்.

"முருகேசண்ணன் வெயில்ல ஒரு நாள் பூரா கோம்பையில தேடியிருக்காக. செல்விங்கிற பேருல நாலு பேரு, நாலு வீட்டுலயும் நாய். ஒண்ணு வேட்டியக் கிழிச்சிருச்சு. அந்த ஊரு வேட்ட நாயப் பத்தித் தெரியுமில்ல? அவுகளுக்குப் புது வேட்டி நீதான் எடுத்துக் குடுக்கணும்."

"அக்கா, எப்படி..."

"கோம்பையில ஆளில்லன்னதும் ரிஜிஸ்டரப் பாத்தேன், உன் பேரே இல்ல. நம்பருக்கு நீ குடுத்துட்டுப் போன நகலு இருக்குல்ல. அடியில பேரும் நம்பரும். கையெழுத்து முத்து முத்தா இருக்கு. இல்லை, இல்லை, இல்லைன்னு வரிசையா என்ன அழகு!" பிறகு குரலில் கேலி போய்விட்டது. "முதச் சளியிலயே இருக்கு தேனு. இன்னும் ரெண்டு வேணும். நாளைக்குக் காலையில வந்து சேரு. வீட்டுல சின்னப் பிள்ளைக இருக்கா?"

யாழினி என் மடியில் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கித் தரையில் விட்டேன். அவள் மறுபடி ஏறினாள். மறுபடி இறக்கினேன். அழுதாள்.

மறுநாள் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்த டப்பாவை எடுத்து, விடிந்ததும் முதல் சளியை அதில் பிடித்து, துணியில் சுற்றி, பேருந்தில் கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு போனேன். உள்ளே வரச்சொல்லி மல்லிகா அக்கா நுண்ணோக்கியில் பார்க்கவிட்டார். சளியைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சூடுகாட்டிச் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். பிறகு அமிலத்தால் கழுவுவார்கள். மற்றதெல்லாம் சாயத்தை விட்டுவிடும். இந்தக் கிருமி மட்டும் விடாது. மேலே நீலம் போட்டால், நீலத்தில் சிவப்பு நூல்துண்டுகளாகத் தெரியும். முதல் நாள் கொடுத்த சளியின் துண்டில் தேடித் தேடி எண்ணுகிற அளவுக்குத்தான் இருந்தன. காலைச் சளியில் தேடவே வேண்டியதில்லை.

"ராத்திரி பூரா நெஞ்சுல தேங்கி நிக்கிறது காலையிலதான் வரும். பகல்ல துப்புறதுல பாதி எச்சில். அதான் நாளைக்கு வா, நாளைக்கு வான்னு கத்துறேன்," என்றார்.

பாலிடெக்னிக்கில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள்: ஒரே அளவீட்டை நம்பாதே, மூன்று முறை அளந்து பார். மல்டிமீட்டரைக் கையில் பிடித்து நான் அதைச் செய்திருக்கிறேன். ஒரு மனுசியின் நுரையீரலுக்கு அதையே ஒருத்தர் செய்தபோது தாமதம் என்று எழுதினேன்.

"தேனியில பாத்தாகளே, காலைச் சளி கேக்கலையா?" என்று மல்லிகா அக்கா கேட்டார்.

வரிசை தவறுகிற இடம் இதுதான். இதை நான் முன்பே, தொண்ணூறு நிமிடம் என்று எழுதிய இடத்தில், எழுதியிருக்க வேண்டும்.

கேட்டார்கள். தேனியில் டப்பாவை வாங்கிக்கொண்ட பெண், "மேடம், நாளைக்குக் காலையிலயும் ஒண்ணு குடுத்தீங்கன்னா நல்லது," என்றாள். நான்தான், "முடியாதுங்க, இன்னைக்கே முடிச்சுக் குடுங்க," என்றேன். அவள் ஒரு கணம் தயங்கிவிட்டு, "சரி மேடம்," என்றாள். என் பேச்சைக் கேட்டார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த தப்பு. மல்லிகா அக்கா பேச்சியம்மாள் பேச்சைக் கேட்கவில்லை. என் பேச்சையும் கேட்கவில்லை. பொய்ப்பெயர் கொடுத்தவளைக்கூட விடவில்லை. என் படிவத்தில் இதை எழுத ஒரு கட்டமும் இல்லை.

சொன்னேன். மல்லிகா அக்கா கண்ணாடித் துண்டைத் துடைத்துக்கொண்டே, "ம்," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இருமலில் இரத்தம் கூடியதால் அங்கேயே எட்டு நாள் சேர்த்துக்கொண்டார்கள். வார்டில் காரை பெயர்ந்திருந்தது, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, இரண்டு மின்விசிறியில் ஒன்று ஓடவில்லை. இவையெல்லாம் என் படிவத்தில் சரியாகவே இருந்தன. அரசு மருத்துவமனையில் எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதினால் அதுவும் இன்னொரு பொய்யாகும். வெளிச்சமும் காற்றும் வரட்டும் என்று ஜன்னல்களை மட்டும் எப்போதும் திறந்துவைத்திருந்தார்கள். அடுத்த கட்டிலில் பேச்சியம்மாள். அவருக்கும் இருந்தது; மருந்து தொடங்கிய பிறகும் வாந்தி நிற்காததால் சேர்த்திருந்தார்கள்.

"நோட்டுப் புள்ள நீயா! எங்கள எழுதிட்டு இருந்தவள இப்ப யாரு எழுதுறது?" என்று சிரித்தார். அவர் கணவர் முத்தையா கூடலூரில் ஜீப் ஓட்டுநர், தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிறவர். தினமும் மலையிறங்கி வந்ததும் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பால் விடாத கட்டஞ்சாயா வாங்கிவருவார்.

மருந்து ஆறு மாதத்துக்கும் மொத்தமாக ஒரு பெட்டியில் வரும். பெட்டியின் மேல் நோயாளியின் பெயரை எழுதிவிடுவார்கள். அதிலிருந்து வேறு யாருக்கும் எடுக்கமாட்டார்கள். அங்கங்கே மருந்து தீர்ந்துபோனாலும் உன் பெட்டி உனக்காக இருக்கும். என் பெட்டியில் முதலில் 'செல்வி' என்றுதான் எழுதியிருந்தது. முருகேசன் அதை அடித்துவிட்டு 'தேன்மொழி' என்று எழுதினார். புது வேட்டி கட்டியிருந்தார். "உன் பேரச் சொல்லி நானே எடுத்துக்கிட்டேன்த்தா," என்றார். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு தடவைக்கு ஏழு மாத்திரை, அவர் கண் முன்னால் விழுங்க வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னார். அவர் சொல்லியும் பயந்தேன்.

வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள். யாழினிக்கு நோய் இல்லை. ஆனால் வராமல் தடுக்க அவளும் ஆறு மாதம் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள். முகத்தைச் சுளித்து, "அத்தைக்கும் குடு," என்பாளாம். ஏழு வாரம் நான் அவளைப் பக்கத்தில் போட்டுத் தூங்கியிருக்கிறேன். நான் ஒரு காலைச் சளி கொடுத்திருந்தால் அதில் ஒரு நாள்கூட இருந்திருக்காது.

மதினி எனக்குத் தனித் தட்டும் டம்ளரும் எடுத்துவைத்தாள். பாத்திரத்தில் ஒட்டாது என்று முருகேசன் சொல்லியும் கேட்கவில்லை. பிள்ளை பெற்றவள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முதல் நாள் அந்த டம்ளரில் காப்பி வந்தபோது அம்மா அதை எடுத்துக் குடித்துவிட்டு, தன் டம்ளரை என்னிடம் தள்ளினார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் எல்லா டம்ளரும் ஒரே கூடையில் இருந்தன. சின்னமனூர்க்காரர்களுக்கு அம்மாவே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வேறு இடம் பாருங்கள் என்று. என்ன உடம்பு என்று சொல்லவில்லை. நானும் சொல்லச் சொல்லவில்லை.

அறிக்கை மேலே போவதற்குப் பத்து நாள் இருந்தது. ஒன்பதாவது கட்டத்தைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சளிப் பரிசோதனைக்கு வந்த பெயர்களுக்கு மட்டும் 'இல்லை' என்பதை 'பொருந்தாது' என்று மாற்றி அனுப்பினேன். மேலாளர் கூப்பிட்டார்.

"எதுக்கும்மா மாத்துற? நம்ம ரிப்போர்ட்லயே தெளிவா நிக்கிற பாயின்ட் அது ஒண்ணுதான்."

"சளிக்கு ரெண்டு நாள் வேணும் சார். அதுதான் முறை."

"யார் சொன்னது? அந்த லேப்காரம்மாவா? அவுங்க வேலை போகுதுன்னா அப்படித்தான் சொல்வாங்க. உன்கிட்ட ஆதாரம் இருக்கா?"

இருந்தது. பைக்குள் இரண்டு தாள்கள். ஒரே ஆள், ஒரே நெஞ்சு. தொண்ணூறு நிமிடத்தில் வந்தது, கிருமி இல்லை. இரண்டு நாளில் வந்தது, கிருமி உண்டு. இரண்டாவதில் என் பெயர் தெளிவாக இருந்தது.

"இல்ல சார்," என்றேன்.

"அப்ப பழையபடியே விட்டுரு."

விட்டுவிட்டேன். நான் செய்ததில் மிக மோசமானது இது. பொய்ப்பெயர் கொடுத்தது பயத்தில். இதைச் செய்யும்போது எனக்குப் பயம்கூட இல்லை. யாருக்கும் தெரியாமல் போகட்டும் என்ற வசதி மட்டும்தான் இருந்தது.

அடுத்த சில மாதங்களில் அந்த ஆய்வகம் சோதனை முறையில் தனியார் நிர்வாகத்துக்குப் போனது. மல்லிகா அக்காவைப் போடிப் பக்கம் வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். போவதற்கு முன்னால் அவரைப் பார்த்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

"மாத்திரைய ஒழுங்கா முழுங்குறியா?" என்று கேட்டார்.

"முழுங்குறேன்க்கா."

"அது போதும்."

நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது என்றும் நான் நினைக்கவில்லை. அந்த நகல் அவர் மேசையில்தானே இருந்தது.

ஆறாம் மாதம் முடிந்து கடைசிச் சளிப் பரிசோதனைக்குப் போனேன். ஆய்வகத்தில் புதுத் தரை, புது விளக்கு, டோக்கன் இயந்திரம், உட்கார நாற்காலிகள். முன்பு வெயிலில் நின்றவர்கள் இப்போது விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். அதையும் எழுதத்தான் வேண்டும். சீருடை போட்ட ஒரு பெண் சிரித்த முகமாக டப்பாவை வாங்கினாள்.

"ரெண்டு மணிக்கு ரிசல்ட் வாங்கிக்கலாம் மேடம்."

"நாளைக்குக் காலைச் சளி?"

"அதெல்லாம் வேணாம் மேடம். ஒரே நாள்ல முடிச்சிரணும்னு காண்ட்ராக்ட்ல போட்டிருக்காங்க. மறுநாள் வரச்சொன்னா எங்களுக்கு லேட்டுன்னு விழுகும்."

"அப்படி யாரு வச்சா?"

"ஏதோ சர்வே எடுத்தாங்களாம் மேடம்."

திரும்பினால் பேச்சியம்மாள். உடம்பு தேறியிருந்தார். பக்கத்தில் முத்தையா, கழுத்தெலும்பு தெரிய, துண்டால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டு.

"இவுகளுக்கும் ஒரு மாசமா இருமலு. பயந்தே போயிட்டேன்," என்றார் பேச்சியம்மாள். கையில் அச்சடித்த தாள். "நல்லவேள, ஒண்ணும் இல்லைன்னுட்டாக."

"காலைச் சளி குடுத்தாகளா?"

"கேக்கவே இல்லையே. அதுலயே தெரியலையா? நம்மள மாதிரி இருந்தா நாளைக்கு வான்னு சொல்லியிருப்பாகல்ல?"

மறுநாள் வரச்சொன்னால் நோய், வரச்சொல்லாவிட்டால் நலம் என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்தத் தாளை நம்பி முத்தையா நாளைக் காலை ஐந்தரைக்கு ஜீப்பை எடுப்பார். பின்னால் பன்னிரண்டு பெண்கள், மலைச் சாரலுக்குப் படுதாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு.

"பேச்சியம்மாக்கா, நில்லுங்க," என்றேன். அந்த அறையில் பதினைந்து பேராவது இருந்தார்கள். "வரச்சொல்லாதது நோய் இல்லைன்னு இல்ல. நான் எழுதுன எழுத்தாலதான் வரச்சொல்ல மாட்டேங்கிறாக."

"என்னத்த சொல்ற?"

சொன்னேன். கடிகாரம், ஒன்பதாவது கட்டம், தேனியில் வந்த தாள், எனக்கு டி.பி. இருந்தது, கோம்பை செல்வி என்று பொய் சொன்னது, மேலாளரிடம் ஆதாரம் இல்லை என்றது. எல்லாவற்றையும். சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் சின்னக் குரலில் சொல்ல முடியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

பேச்சியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டு நாளு பக்கத்துக் கட்டில்ல கெடந்தியே ஆத்தா," என்றார். "எங்க சாயாவக் குடிச்சுக்கிட்டு."

முத்தையாதான், "டப்பா எங்கன கெடைக்கும்? அதச் சொல்லு மொதல்ல," என்றார்.

மறுநாள் காலை மூன்று பேரும் போனோம். என் டப்பா ஒன்று, முத்தையாவின் டப்பா ஒன்று. முத்தையா அன்று ஜீப்பை எடுக்கவில்லை. சீருடைப் பெண் கையைப் பிசைந்தாள்.

"மேடம், இதை எந்தக் கட்டத்துல போடுறது? எங்க ஃபாரத்துல இடமே இல்ல."

அவள் நீட்டிய தாளைப் பார்த்தேன். என் படிவம்தான். அதே பதினான்கு கட்டங்கள், மேலே வேறு முத்திரை. தாளைத் திருப்பினேன். பின்பக்கம் காலியாக இருந்தது. அதில் காரணத்தை எழுதினேன். ராத்திரி தேங்குவது காலையில்தான் வரும் என்பதையும், தேனியில் வந்த தாளும் இங்கே வந்த தாளும் என்ன சொல்லின என்பதையும் எழுதினேன். இரண்டின் நகலையும் இணைத்தேன். அடியில் தேன்மொழி, ஓடைப்பட்டி, தெரு, கைபேசி எண். கையெழுத்துக்குக் கீழே, 'இந்தப் படிவத்தைத் தயாரித்தவள், காசநோயிலிருந்து குணமானவள்'. ஒரு நகலை மேலாளருக்கும், ஒன்றை மாவட்டக் காசநோய் அலுவலகத்துக்கும் அனுப்பினேன். மேலாளர் இப்போது என்னிடம் பேசுவதில்லை. அலுவலகத்திலிருந்து பதில் இன்னும் வரவில்லை.

அந்தப் பெண் எழுதியதைப் படித்தாள். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு இரண்டு டப்பாவையும் எடுத்து, "உக்காருங்க மேடம், லேட்டாகும்," என்றாள்.

என் சளியில் ஒன்றும் இல்லை. முத்தையாவின் சளியில் கிருமி இருந்தது.

முருகேசன் புதுப் பெட்டியை எடுத்து வைத்து, பேனாவைத் திறந்தார். பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பாமலே, "பேரச் சரியாச் சொல்லுங்க," என்றார் புருசனிடம். "ஊரையும்."